கோழி வேகும் நாற்பது நிமிடம்



சென்ற மாதம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'எங்கள் வீட்டு இரவு உணவு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். இரவு ஏடுகளைத் திருத்த அமர்ந்தவன் பத்தாவது ஏட்டோடு சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எழுத்துப்பிழைகள் மலிந்திருந்ததால் அன்று. அவை எனக்குப் பழகிப்போனவை. 'அம்மா மிளகாயை அறைத்தார்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். மிளகாய் என்ன குற்றம் செய்ததோ என்று சிரித்துக்கொண்டே திருத்தினேன். என்னை நிறுத்தியது வேறொன்று. ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் சமையலுக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான் இருந்தது. அம்மா எண்ணெய் போட்டார். வெங்காயம் போட்டார். கோழியைப் போட்டார். உப்பு போட்டார். பிறகு நாங்கள் சாப்பிட்டோம். நால்வர் வீட்டில் அந்தப் 'போட்டார்' கூட இல்லை. உணவு மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்துவிட்டது.

வதக்குதல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல், அவித்தல், வாட்டுதல், சுண்டவைத்தல், பிசறுதல் எல்லாம் எங்கே போயின?

ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். இருபது வினைச்சொற்களைப் பெரிய தாளில் பொருளுடன் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். அடுத்த கட்டுரையில் ஒருவன், 'அம்மா தண்ணீரை நன்றாக வதக்கினார்' என்று எழுதினான். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. வெங்காயம் வதங்குவதை அவன் பார்த்ததில்லை. அந்த மணம் அவன் மூக்கில் ஏறியதில்லை. சுவரில் ஒட்டிய சொல் அவனுக்குச் சுவரிலேயே இருந்துவிட்டது.

ஆகவே பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, பிரத்தியேக வகுப்பை விட்டுவிட்டு, பிள்ளையைச் சமையலறைக்கு அழைத்துச் செல்லுங்கள். யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகத் தொடங்கிய ஓட்டத்தை மட்டும் நாம் இன்னும் நிறுத்தவில்லை.

இதைச் சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னபோது அவர் என்னைச் சற்றுக் கடுமையாகவே பார்த்தார். "சார், நம் பெற்றோர்களில் பாதிப்பேர் கூலிம் ஹைடெக் பூங்காவிலும் சுங்கைப் பட்டாணி தொழிற்சாலைகளிலும் ஷிப்டு வேலை செய்கிறவர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற தாயை இன்னும் ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கச் சொல்கிறீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. விடையாக நான் இரண்டு சொன்னேன். முதலாவது, தாய்தான் நிற்கவேண்டும் என்று யார் சொன்னது? இரண்டாவது, நிற்கத் தேவையில்லாத ஒரு சமையலைச் சொல்கிறேன்: ஓவனில் சுடும் இனிப்புக் காரக் கோழி.

நான் பிறந்தது பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில். அம்மா விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பே எழுந்து ரப்பர் விறகில் அடுப்பு மூட்டிவிடுவார். அந்த அடுப்பை ஒரு நொடியும் விட்டு நகர முடியாது. விறகைத் தள்ளவேண்டும், ஊதவேண்டும், அனலைத் தணிக்கவேண்டும். அருகில் குந்தியிருந்த எங்களுக்குச் சொற்கள் புகையோடு வந்து சேர்ந்தன. இதைச் சொல்வதால் லயத்து வாழ்க்கையைப் பொற்காலம் என்று பாடவில்லை. எங்கள் வீட்டில் கோழி என்பது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். தொடை அப்பாவுக்கு, அம்மாவுக்குக் கழுத்து. நான் ஆண்பிள்ளை, கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மி அரைத்தவர் என் அக்காள். இன்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சொற்களில் பாதி அக்காளின் கை உழைப்பு.

கோழியை அனலடுப்பில் சுட்டு உண்பது அக்காலத்தில் துரை பங்களா வழக்கம். பல பங்களாக்களில் அதைச் சமைத்தவர்கள் ஹைனானியச் சீனர்கள். இன்றோ மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பல வீடுகளில் ரொட்டி வாட்டுவதற்கு மட்டும். மின்கட்டணத்துக்கு அஞ்சுவோருக்குச் சொல்கிறேன்: 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், ஒரு வெள்ளிக்கும் குறைவு. (ஓவனுக்குத் தமிழ் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். பேக்கரியை இலங்கையில் வெதுப்பகம் என்கிறார்கள், தமிழ்நாட்டில் அடுமனை என்கிறார்கள். எனக்கு 'வெதுப்பி' பிடித்திருக்கிறது. பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.)

செய்முறை இதுதான். ஒன்றரைக் கிலோ கோழியை எட்டுத் துண்டுகளாக வெட்டி வாங்குங்கள். குழாயடியில் பிடித்துக் கழுவவேண்டாம்; தெறிக்கும் நீரோடு கிருமிகளும் தெறிக்கும். துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பச்சை இறைச்சியைத் தொட்ட கையைப் பிள்ளை உடனே சவர்க்காரமிட்டுக் கழுவட்டும். துண்டுகளை ஆழமாகக் கீறுங்கள். பத்துக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவையுங்கள். ஆறு சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, கட்டை விரலளவு இஞ்சி ஆகியவற்றைப் பிள்ளை உரிக்கட்டும், சீவட்டும். எல்லாவற்றையும் அரைத்து, கொஞ்சம் எண்ணெயில் பச்சை வாசம் போகும்வரை வதக்கி, நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றிச் சுண்டவிடுங்கள். மஞ்சள், அளவான உப்பு, இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பு சேர்த்து, ஆறியபின் கோழியில் பிசறுங்கள். பிசறுவது பிள்ளையின் வேலை. கரண்டி கொடுக்காதீர்கள்; விரல்தான் கற்றுக்கொள்ளும். அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் ஊறட்டும்.

பிறகு 200 பாகை செல்சியஸில் 25 நிமிடம். இப்போது தேன் வேண்டாம். தேனைத் தொடக்கத்திலேயே பூசினால் கோழி வேகுமுன் தேன் தீய்ந்துவிடும்; இனிப்புக்கு அனல் தாங்கும் குணம் குறைவு. 25 நிமிடம் கழித்து வெளியே எடுத்து, இரண்டு மேசைக்கரண்டித் தேனுடன் எலுமிச்சைச் சாற்றைக் கலந்து பூசி, மேலும் 15 நிமிடம் வாட்டுங்கள். முறுகலாகச் சிவக்கும். தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி 74 பாகை காட்டினால் வெந்துவிட்டது.

ஊறியது, ஊறவைத்தேன், வெந்தது, வேகவைத்தேன், வதங்கியது, வதக்கினேன். தன்வினையும் பிறவினையும் ஒரு கோழிக்குள் அடங்கிவிட்டன, பாருங்கள்! இதை நான் வகுப்பில் நடத்தினால் ஒரு வாரம் ஆகும்.

ஆனால் நான் கோழியைத் தேர்ந்ததற்குக் காரணம் இலக்கணம் அன்று, அந்த நாற்பது நிமிடம். கதவை மூடியபின் ஓவன் தானே வேலை செய்கிறது. விறகு தள்ள வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது. கைப்பேசிகளைக் கூடத்தில் விட்டுவிட்டு, கண்ணாடி வழியே கோழி நிறம் மாறுவதைப் பார்த்தபடி குடும்பம் பேசலாம். மணம் எப்போது மாறுகிறது, கொழுப்பு எப்படி உருகிச் சொட்டுகிறது என்று கேளுங்கள். பிள்ளை மலாய்ச் சொல்லைச் சொன்னால் ஏசாதீர்கள். தமிழ்ச் சொல்லை அருகில் வையுங்கள், போதும்.

'இனிப்பா?' என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. அவர்கள் அஞ்சுவது சரி. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே கொள்ளலாம். அதனால்தான் இனிப்புக் கிச்சாப்பை விட்டு உப்புக் கிச்சாப்பைச் சொன்னேன். இரண்டு கரண்டித் தேனில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. ஐவர் பகிர்ந்தால் ஆளுக்கு 7 கிராம். கடையில் வாங்கும் பளபளக்கும் கோழியில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? நீரிழிவுள்ள தாத்தாவின் துண்டுக்குத் தேன் பூசாமல் விடும் உரிமையும் வீட்டில் உண்டு. அந்த முடிவைப் பிள்ளையிடமே விடுங்கள்.

இது தமிழர் உணவே அன்று என்று ஒரு நண்பர் வாதிட்டார். மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழி நமக்கு வந்ததுதான். மிளகைத் தெரிந்திருந்த தமிழன் புதிய காயைக் கண்டதும் மிளகாய் என்று பெயர் வைத்தான், தனதாக்கிக்கொண்டான். பெயர் வைக்கத் தெம்பில்லாமல் போவதுதான் எனக்குக் கவலை, ஓவன் அன்று.

சென்ற வாரம் ஒரு தந்தை முயன்றார், தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர். மறுநாள் மகன் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். 'அப்பா தேனை முதலிலேயே தடவினார். கோழி வாடியது, சிவந்தது, முறுகியது, பிறகு கருகியது. நாங்கள் கோழிக்கரி சாப்பிட்டோம்' என்று முடித்திருந்தான். இடையின ரகரத்தைச் சுழிக்கச் சிவப்புப் பேனாவைத் தூக்கினேன். ஐயம் வந்தது. தந்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "உண்மைதான் சார், கரிதான்" என்றார். திருத்தாமல் விட்டேன். அவருடைய ஓவன் சிறியது, அனல் அதிகம்; அடுத்த முறை 180 பாகையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.