“முதல்ல சாதி ஒழியட்டும், மத்ததை அப்புறம் பார்க்கலாம்” என்கிற தோழருக்கு

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசி முடித்தேன். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: “பாலினம், பாலியல் உரிமை இதெல்லாம் மேல்தட்டு ஆட்களோட பிரச்சினைதானே? நமக்கு முதல்ல சாதி ஒழியணும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாமே?” நல்ல கைதட்டல். கைதட்டியவர்களில் பெண்கள் யாருமில்லை என்பதையும் கவனித்தேன்.

அன்று ஐந்து நிமிடத்தில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். சாதி முதலில், பாலினம் பிறகு என்று இங்கே இரண்டு வரிசை கிடையாது. யார் யாரை விரும்பலாம், யார் யாரோடு வாழலாம், எந்தக் குழந்தை யாருடைய வாரிசு என்று விதிக்கும் அதிகாரத்துக்குத்தான் சாதி என்று பெயர். அந்த அதிகாரத்தில் கைவைக்காமல் சாதியில் கைவைக்க முடியாது.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. 1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர்தான் அண்ணல் அம்பேத்கர். அவருடைய வாதம் இதுதான்: சாதிக்கே உரிய தனி அடையாளம் அகமணம், தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பது. அந்த வேலி நிற்க வேண்டுமென்றால் கூட்டத்துக்குள் மணவயதுள்ள ஆண்களும் பெண்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் மனைவி ‘உபரி’ ஆகிவிடுகிறாள். அவள் வெளியே மணம் செய்தால் வேலி உடையும். உள்ளேயே மணம் செய்தால் இன்னொரு பெண்ணுக்குரிய மாப்பிள்ளை குறைவான். ஆகவே அவளைக் கணவனோடு சேர்த்து எரி, அல்லது சாகும்வரை விதவையாக வை. மனைவி செத்தால் கணவனும் உபரிதான். ஆனால் ஆணை எரிக்க யாருக்கும் மனம் வராது. அவனுக்கு இன்னும் வயதுக்கு வராத ஒரு சிறுமியைக் கட்டி வை.

உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. பத்தினி, பதிவிரதை என்று அவற்றைப் போற்றிய தத்துவமெல்லாம் பிறகு வந்த பூச்சு. ஒரு பெண் தன் உடலைப் பற்றி எப்படி வெட்கப்பட வேண்டும், எதற்கு ஆசைப்படக்கூடாது, எப்போது பூ வைக்கலாம், எப்போது கூடாது என்பதையெல்லாம் இயற்கை சொல்லித் தரவில்லை. அகமணத்தின் காவல்காரர்கள் சொல்லித் தந்தார்கள்.

இயற்கை என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே? வெட்கம் பெண்ணின் இயல்பு என்று சொன்ன அதே சமூகம்தான், தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், அன்று சாணார் என்றழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றது. மறைத்தவர்களின் துணியைச் சந்தையிலும் தெருவிலும் கிழித்தது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து மேலாடைக்கு அனுமதி தந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது. வெட்கத்தைக்கூட சாதிப்படி அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். பண்ணையில் நாற்று நட்ட நம் பாட்டிகளுக்குக் கற்பு என்ற ஒன்று இருப்பதாக எந்தப் பண்ணையார் நினைத்தான்? ‘பாதுகாக்கப்பட வேண்டிய பெண்’, ‘கைக்கு எட்டும் பெண்’ என்று இரண்டு வகைப் பெண்களைச் செய்தது சாதிதான்.

ஆண்மையும் இப்படித்தான். எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருவில் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி, “டேய்” போட்டுக் கூப்பிடுவான். தாத்தா தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்குவார், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். ஊரார் பார்வையில் அவர் எத்தனை வயதானாலும் ஆளாகாத ஆள். அந்தப் பையனுக்கோ, தன் வீட்டுப் பெண்ணைக் காவல் காப்பதும் சேரி ஆளை அடக்கி வைப்பதும்தான் ஆண்மை என்று பள்ளிக்கூட வயதிலேயே பாடம் நடக்கிறது. பாடப்புத்தகம் வேண்டாம், மணிக்கட்டில் ஒரு வண்ணக் கயிறு போதும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், சாதி காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அரிவாள் பிடிக்கும் கை கருவில் உருவாவதில்லை. கயிறு கட்டி உருவாக்குகிறார்கள்.

இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்து என்ன செய்யும் என்று பார்க்க தருமபுரிக்குப் போகலாம். 2012இல் இளவரசனும் திவ்யாவும் மணம் முடித்தார்கள். திவ்யாவின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. அந்தக் காலத்தில்தான் ‘நாடகக் காதல்’ என்ற சொல் மேடைதோறும் புழங்கியது. தலித் பையன்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் வெளிப்படையாகவே பேசினார்.

அந்தப் பேச்சைப் பிரித்துப் பாருங்கள். அதில் தலித் ஆண் வேட்டைக்காரன். அவன் காதல் காதலே இல்லை, சூழ்ச்சி. சரி, அந்தப் பெண்? அவளுக்கு விருப்பம் என்ற ஒன்றே அந்தப் பேச்சில் கிடையாது. ஒரு கண்ணாடியைப் பார்த்து மயங்கும் பொம்மை அவள். ஒரே வாக்கியத்தில் நம்மைக் குற்றவாளியாகவும் அவர்கள் வீட்டுப் பெண்ணை அறிவற்றவளாகவும் ஆக்கும் பேச்சு அது. தலித் வெறுப்பையும் பெண் வெறுப்பையும் அதில் தனித்தனியாகப் பிரித்து எடுத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

2003இல் விருத்தாசலம் அருகே இன்னொரு பெண் தன் விருப்பத்தைத் தானே முடிவு செய்தாள். அவள் பெயர் கண்ணகி. கற்புக்கரசி என்று இந்தச் சமூகம் சிலை வைத்துக் கும்பிடும் பெயரைத்தான் பெற்றவர்கள் வைத்திருந்தார்கள். முருகேசன் என்ற தலித் பொறியியல் பட்டதாரியை மணந்த குற்றத்துக்காக, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றி இருவரையும் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. மகளுக்குக் கண்ணகி என்று பெயர் வைக்கும் பண்பாடும், அவள் காதில் விஷம் ஊற்றும் பண்பாடும் ஒன்றுதான்.

இதுவரை தம்பி தலையாட்டியிருப்பார். அவர்கள் செய்ததைச் சொல்லும்போது தலையாட்டுவது சுலபம். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். வெட்டுக் காயங்களோடு பிழைத்த கௌசல்யா, பெற்ற தகப்பனுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். முடியை வெட்டிக்கொண்டார், பறை கற்றார், மேடையேறினார். நாம் கொண்டாடினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மறுமணம் செய்துகொண்டபோது என்ன நடந்தது? சமூக வலைத்தளங்களில் வசை கொட்டியது. சாதி வெறியர்கள் திட்டியதை விடுங்கள். “அப்போ சங்கர் மேல வச்ச காதல்?” என்று கேட்டவர்களில் நீலச் சட்டை போட்டவர்களும் இருந்தார்கள். முகப்புப் படத்தில் அம்பேத்கரை வைத்துக்கொண்டு, அம்பேத்கர் 1916இல் தோலுரித்த கட்டாய விதவைக்கோலத்தை அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். சங்கரின் நினைவுச் சின்னமாக அவர் அப்படியே நிற்க வேண்டுமாம். சதியின் இன்னொரு பெயர்தானே இது?

“அவனுங்க பொண்ணையே தூக்கிட்டு வந்தோம்ல” என்று மார்தட்டும் பேச்சை நம் தெருவில் நான் கேட்டிருக்கிறேன். அது சாதி ஒழிப்பு இல்லை. பெண்ணை எல்லைக்கல்லாக நட்டவனுடைய கணக்கை அப்படியே ஒத்துக்கொண்டு, கல்லைப் பிடுங்கி வந்ததாகப் பெருமைப்படுவது. அதே வாய், தங்கை யாரோடு போனில் பேசுகிறாள் என்று அதட்டும். மகள் அருந்ததியர் பையனை விரும்புகிறாள் என்றால் பறையர் வீட்டிலும் பள்ளர் வீட்டிலும் கதவு சாத்தப்படுகிறதா இல்லையா? அந்த வேலியை நமக்குள் காப்பது யார்? தாலி, சடங்கு, ‘அடக்கமான பொண்ணு’ எல்லாவற்றையும் அவர்களிடமிருந்து கடன் வாங்கிவிட்டு, சாதியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்து அந்த ‘மேல்தட்டுப் பிரச்சினை’. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் முதல் பகுதி, சில கூட்டத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவு செய்தது. இரண்டாம் பகுதி யாரைப் பற்றியது தெரியுமா? இன்று நாம் திருநங்கை என்று அழைக்கும் மக்களைப் பற்றியது. அவர்களையும் பதிவேட்டில் ஏற்றி, பெண் உடை உடுத்தித் தெருவில் வந்தாலே பிடித்துத் தண்டிக்கலாம் என்றது. பிறப்பைக் குற்றமாக்கியதும் உடையைக் குற்றமாக்கியதும் ஒரே சட்டம். தம்பி இரண்டையும் தனித்தனி வரிசையில் நிறுத்துகிறார். ஆண்டவர்கள் ஒரே பதிவேட்டில்தான் எழுதினார்கள்.

இன்றைக்கும் பாருங்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு மேல்சாதிப் பிள்ளைக்குப் படிப்போ, ஆங்கிலமோ, ஏதோ ஒன்று கையில் மிஞ்சக்கூடும். சேரியிலிருந்து துரத்தப்பட்ட திருநங்கைக்கு மிஞ்சுவது கைதட்டிக் காசு கேட்கும் தெரு. அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கிறார்கள். அதாவது, எஸ்.சி. பிரிவில் பிறந்த திருநங்கைக்கு எஸ்.சி. ஒதுக்கீட்டுக்குள்ளேயே தனி இடம். ஒவ்வொரு பிரிவுக்கும் அப்படியே. கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் ஒரு விழுக்காடு இப்படிக் கொடுத்தது. பாலினம் ஒரு சாதி இல்லை, எல்லாச் சாதியிலும் பிள்ளைகள் அப்படிப் பிறக்கிறார்கள் என்ற எளிய உண்மையைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். இதில் எது மேல்தட்டு?

ஆகவே தோழரே, “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மறுத்து மணப்பவர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் அமைப்பது பற்றி மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவின் எண் என்ன, இல்லம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய வருபவர்களின் விவரத்தை 30 நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் விதி, அரிவாளோடு தேடுபவனுக்கு முகவரி எழுதிக் கொடுக்கும் விதி. அதை நீக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டு நடக்கும் ஊர்வலத்தில் உங்கள் அக்காவும் தங்கையும் பார்வையாளராக இல்லாமல் பேச்சாளராக வரட்டும்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு சின்ன வேலை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் கேளுங்கள்: “நீ யாரையாவது விரும்பினா என்கிட்ட வந்து சொல்லுவியா?” அவள் பதில் சொல்லத் தயங்கினால், சாதி ஒழிப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜெய் பீம்.