30 ஆண்டு நாற்காலி

அமெரிக்காவில் ஜனாதிபதியின் பதவிக் காலம் 4 ஆண்டுகள். பிரதிநிதிகள் சபை அங்கத்தினர்களுக்கோ 2 ஆண்டுகள்தான். ஆகவே, ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே நடுவில் ஒரு தேர்தல் வந்துவிடும். இதுதான் இடைக்காலத் தேர்தல்.

1994-ல் வந்த இடைக்காலத் தேர்தல் ஒரு சூறாவளி! 40 ஆண்டுகளாக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த சபை பறிபோயிற்று. சபாநாயகர் தாமஸ் ஃபோலியே தம் தொகுதியில் தோற்றார். 1862-க்குப் பிறகு எந்தச் சபாநாயகரும் இப்படித் தோற்றதில்லை. அவர் 30 ஆண்டுகள் அங்கத்தினராக இருந்தவர்.

காரணங்கள் பல. ஒன்று மட்டும் ஊரெல்லாம் பேசப்பட்டது. அவருடைய வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகரம் வேறு, இது வேறு) 1992-ல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். நீண்ட காலம் பதவியில் இருந்தவரின் பெயர் ஓட்டுச் சீட்டில் வரக் கூடாது என்பது சட்டம். அதை எதிர்த்து ஃபோலி கோர்ட்டுக்குப் போனார். ஓட்டுப் போட்ட மக்களோடு வழக்கா? சும்மா விடுவார்களா!

1995-ல், வேறொரு மாநிலத்தின் வழக்கில், இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். அனுபவம் ஒரு குற்றமா? 2 ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுச் சீட்டு கைக்கு வரும்போது, வேறு வேலி எதற்கு?

ஆனால், வேலிக்குக் காவல் யார்? ஃபோலியைத் தோற்கடித்த ஜார்ஜ் நெதர்கட், "3 தடவைதான் இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்தவர். 2000-ல் 4-வது தடவையும் நின்றார். அதே தொகுதி மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.