காதலா, கடமையா? புனைகதைகளில் பணிபுரியும் பெண்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர். படித்துப் பட்டம் பெற்றுத் தன் உழைப்பால் வாழும் பெண்ணின் காதலும் மணவாழ்வும் அக்கண்ணாடியில் எவ்வாறு தெரிகின்றன? வகுப்பில் நாவல் பாடம் நடத்தும்போதெல்லாம் என்னுள் எழும் வினா இது.

ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், ஏமாற்றப்பட்டு மழையில் நனைந்து வரும் மாணவியைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொள்கிறாள். 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலிலோ அதே நிகழ்ச்சிக்கு வேறு விளைவு. கங்கா வீட்டினின்றும் வெளியேற்றப்படுகிறாள். படித்து நல்ல பதவியும் பெறுகிறாள். ஆயினும் பதவி அவளுக்கு ஊதியத்தைத் தந்ததேயன்றி, அன்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தரவில்லை. பிரபுவுடன் ஏற்பட்ட நட்பும் நிலைக்கவில்லை. அவள் சிதைவதோடு நாவல் முடிகிறது. 1974-இல் வெளிவந்த 'அவள் ஒரு தொடர்கதை' திரைப்படத்தின் கவிதாவும் குடும்பத்தைத் தாங்குகிறாள்; தனக்கென அமைந்த மணவாழ்வைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து மீண்டும் அலுவலகத்திற்கே செல்கிறாள்.

இப்படைப்புகளை நான் குறைகூறவில்லை. அவை பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை, சமுதாயத்தையே நிறுத்தின. பின்வந்த தொடர்கதைகள் பலவோ அவ்வினாவை விடுத்து முடிவை மட்டும் அச்சாக வார்த்துக்கொண்டன. சம்பாதிக்கும் பெண் தியாகியாகித் தனிமையில் வாடுவாள். அன்றேல், செருக்குடையவளாகக் காட்டப்பட்டு இறுதி அத்தியாயத்தில் வேலையைத் துறந்து 'திருந்துவாள்'.

கதைதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. பட்ட வகுப்பில் சிறப்பாகத் தேறிய மாணவி ஒருத்தியின் தந்தையிடம் மேற்படிப்பைப் பற்றிப் பேசினேன். "வேலைக்குப் போகும் பெண்ணின் கதி என்னவென்று கதைகளில் படிக்கிறோமே, ஐயா" என்றார் அவர். அவளது படிப்பு அத்துடன் நின்றது.

உள்ளதைத்தானே எழுத்தாளர் எழுதுகின்றனர் எனப் பெரியோர் வினவலாம். உள்ளது அது மட்டும்தானா? பள்ளியிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் பணியாற்றி, கணவரோடு மனமொத்து இல்லறம் நடத்தும் பெண்கள் நம் ஊர்களில் இல்லையா? அவர்களும் கதைக்கு உரியவர்களே. அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) தொகுப்பில் வரும் சுதா குப்தா துப்பறியும் தொழில் செய்பவர். அவருக்குக் கணவரும் மகளும் உண்டு. ஒன்றன்பொருட்டு மற்றொன்றை அவர் துறக்கவில்லை. அது பெரிய செய்தியாகவும் கதையில் பேசப்படவில்லை. இத்தகைய இயல்பான சித்திரங்களே நமக்கு மிகுதியாக வேண்டும்.

பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே பெற்றிருந்த நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் தம் நாவலுக்கு இட்ட பெயர் 'காதலா? கடமையா?' என்பது. ஆண்டுகள் எண்பதுக்கு மேல் கடந்தும், பணிபுரியும் பெண்ணின்முன் நம் கதைகள் இவ்வினாவையே நீட்டுகின்றன. அவ்விரு சொற்களின் ஈற்றில் நிற்கும் வினா ஆகாரத்தை நீக்கி, எண்ணும்மையைச் சேர்த்துப் பாருங்கள்: காதலும் கடமையும். அந்தக் கதையை எழுத வேண்டியவர்கள், மாணவச் செல்வங்களே, நீங்கள்தாம்.