சிங்கத்தைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

"கோடை விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால், முன்பெல்லாம் ஊட்டி என்பார்கள். கொடைக்கானல் என்பார்கள். வசதி உள்ளவர்கள் காஷ்மீர் என்பார்கள்.

இப்போது தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்தில் வேறு ஒரு பதிலும் கிடைக்கிறது.

"ஆப்பிரிக்காவுக்குப் போகிறோம். சிங்கத்தைப் படம் எடுக்கப் போகிறோம்!"

கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் உண்மைதான். பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள். ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஒரு காமிரா வாங்கிக் கொடுக்கிறார்கள். அதற்கு முழங்கை நீளத்தில் ஒரு லென்சு. கிண்டி கிங் நிலையத்துக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் தடுப்பு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். மும்பை வழியாகவோ, வளைகுடா நாடு வழியாகவோ நைரோபியில் போய் இறங்குகிறார்கள்.

இது நல்லதா, கெட்டதா?

நல்லதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. படம் எடுக்கிறவரால் அந்தப் பிராணிக்குத் துன்பம் வரக்கூடாது. அதை மறந்துவிட்டால், காமிராவுக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் இல்லை.

துப்பாக்கி போய் காமிரா வந்தது

"சபாரி" என்றவுடன் நம்மில் பலருக்கு அந்தக் காலத்துச் சட்டைதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது சுவாகிலி மொழிச் சொல். கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசும் மொழி அது. சபாரி என்றால் பயணம். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கொடுத்தார்கள். துப்பாக்கியோடு போய், சிங்கத்தையும் யானையையும் சுட்டு, அதன்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதே சபாரி என்று ஆயிற்று.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. நம் நாட்டில் 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது.

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட்டே, பிறகு படம் எடுப்பதில் ஆர்வம் கொண்டார். 1947இல் அவர் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குக் குடிபோனார். 1955இல் அங்கேயே காலமானார்.

இன்று கென்யாவில் காடுகள் நிலைத்திருப்பதற்கு, படம் எடுக்க வருகிறவர்கள் கொடுக்கும் பணமும் ஒரு காரணம். ஆகவே, "ஆப்பிரிக்காவுக்கு ஏன் போகிறீர்கள்?" என்று யாரையும் குறை சொல்வது சரியல்ல.

போங்கள். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

தாய்ச் சிவிங்கியின் கதை

கென்யாவில் மாசாய் மாரா என்று ஒரு காடு இருக்கிறது. காடு என்றால் நம் முதுமலை போல மரங்கள் அடர்ந்த காடு அல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. மறைவு இல்லாததால் படம் எடுக்க வசதியான இடம்.

அங்கே சிவிங்கிப்புலி வாழ்கிறது. பூமியில் அதைவிட வேகமாக ஓடும் மிருகம் இல்லை. ஆனால் அது வலிமையானது அல்ல. சிங்கத்தைக் கண்டால் அதற்குப் பயம். கழுதைப்புலியைக் கண்டாலும் பயம். அதனால் அவை ஓய்ந்திருக்கும் பகல் நேரத்தில்தான் பெரும்பாலும் வேட்டையாடும்.

சுற்றுலாக்காரர்கள் வருவதும் அதே பகல் நேரத்தில்தான்!

ஒரு சிவிங்கி தென்பட்டால் போதும். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிவிடுவார்கள். நாலா பக்கமிருந்தும் வண்டிகள் பறந்து வரும். ஒரு மிருகத்தை 5 வண்டிகளுக்கு மேல் சூழக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. விதி இருந்து என்ன பயன்? "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போ" என்று பயணிகள் சொன்னால், ஓட்டுநர் என்ன செய்வார்? இனாம் கொடுப்பவர்கள் அவர்கள்தானே!

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அதை ஆராய்ச்சி செய்து 2018இல் வெளியிட்டார்கள்.

பயணிகள் குறைவாக வரும் பகுதியில், தாய்ச் சிவிங்கிகள் ஓர் ஈற்றுக்குச் சராசரி 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கின. பயணிகள் நிறைய வரும் பகுதியில் அது 0.2தான்.

இதைக் கணக்காகப் பார்க்க வேண்டாம். பத்துத் தாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை இல்லாத இடத்தில் பத்துத் தாய்களுக்கு 23 பிள்ளைகள் மிஞ்சின. காமிராக்கூட்டம் மொய்த்த இடத்தில் பத்துத் தாய்களுக்கு மிஞ்சியவை இரண்டே பிள்ளைகள்!

ஒரு குட்டியையும் யாரும் கல்லால் அடிக்கவில்லை. துப்பாக்கியால் சுடவில்லை. எல்லாரும் "அய்யோ, எவ்வளவு அழகு!" என்று சொல்லித்தான் படம் எடுத்தார்கள்.

2025இலும் ஒரு காட்சி உலகெங்கும் பரவியது. தான்சானியா நாட்டின் செரங்கெட்டியில், வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்கள் கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றைக் கடக்கும். அவை கடக்க வேண்டிய கரையிலேயே பயணிகள் வண்டியைவிட்டு இறங்கி, வேலி கட்டினாற்போல வழியை மறித்து நின்றார்கள். எல்லார் கையிலும் காமிரா, செல்போன். ஆற்றில் முதலை, கரையில் மனிதன். அந்த மான்கள் எங்கே போகும்?

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது?

"அது ஆப்பிரிக்காவில் நடப்பது. நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது.

மேடவாக்கம், வேங்கைவாசல், சோழிங்கநல்லூர் பக்கத்தில் காலி மனைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆட்காட்டிக் குருவி முட்டையிடும். மரத்தில் அல்ல, வெறும் தரையில். நான்கு சிறு கூழாங்கற்களை வைத்தாற்போல இருக்கும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக் கொடுப்பதால்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர்.

காமிராக்காரர் அருகில் போகிறார். தாய் எழுந்து ஓடுகிறது. கத்துகிறது. இவர் நல்ல படம் கிடைக்கும் வரை அரை மணி நேரம் நிற்கிறார். அது சித்திரை வெயில். நிழல் இல்லாத முட்டை வெந்துவிடும். வெயில் விட்டால் காக்கை விடாது. எந்த இடத்தில் ஆள் நிற்கிறார் என்பதைக் காக்கையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது!

நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய கல்குவாரிகள் உண்டு. அங்கே கொம்பன் ஆந்தை வாழ்கிறது. ஆந்தை என்றால் ஒரு காலத்தில் அபசகுனம் என்று ஓடினோம். இப்போது லென்சைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறோம். இரண்டுமே ஆந்தைக்கு நல்லதல்ல.

இன்னும் சிலர் செய்வதைக் கேளுங்கள். கூடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று மறைத்திருக்கும் கிளையை ஒடிக்கிறார்கள். செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வரவழைக்கிறார்கள். வேறொரு பறவை தன் இடத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டது என்று எண்ணி, அது குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. இரவில் ஆந்தையின் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிறார்கள். பிறகு, கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறார்கள்.

இது தவறு மட்டுமல்ல. சட்டப்படி குற்றம்! பட்டியலிட்டுப் பாதுகாத்த காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறது, தெரியுமா? "வேட்டை" என்று பெயர் வைத்திருக்கிறது!

சென்னையில் வாழ்ந்த ஒரு மேதை

பின் எப்படித்தான் படம் எடுப்பது? அதற்கு வழிகாட்டியவர் நம் சென்னைக்காரர்தான். அவர் பெயர் மா. கிருஷ்ணன். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் மகன்.

கிருஷ்ணன் 1912இல் பிறந்தார். காட்டு உயிர்களைப் பார்ப்பதிலும், எழுதுவதிலும், படம் எடுப்பதிலும் வாழ்நாளைக் கழித்தார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் 1950 முதல் 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். 1970இல் அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது.

அவரிடம் இருந்த காமிரா என்ன காமிரா? கடையில் வாங்கிய விலை உயர்ந்த காமிரா அல்ல. பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டுப்போட்டுச் செய்தது. அதற்கு வேடிக்கையாக "சூப்பர் பாண்டரோசா" என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஆனால் அந்தப் படங்களில் உள்ள யானைகளைப் பார்த்தால், யானை என்ன செய்துகொண்டிருக்கிறது, ஏன் செய்கிறது என்பது விளங்கும்.

காமிராவின் விலையால் வந்த பெருமை அல்ல அது. பொறுமையால் வந்த பெருமை.

கையில் வெண்ணெய்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல, நம் வாசலில் இருப்பதை விட்டுவிட்டுக் கடல் கடந்து ஓடுகிறோம்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் வழியில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. பூநாரை வருகிறது. கூழைக்கடா வருகிறது. அரிவாள் மூக்கன் வருகிறது. மிதக்கும் இலைகளின்மேல் இலைக்கோழி நடந்து போகிறது. ஒரு பக்கம் குப்பைமேடு, மறு பக்கம் மாடிக் கட்டிடங்கள். நடுவிலே இவ்வளவு உயிர்கள்! 2022இல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம் என்று அறிவித்தார்கள்.

வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. 1855இல் சென்னையில் தொடங்கிய மிருகக்காட்சி சாலைதான், 1985இல் வண்டலூரில் புது இடத்தில் திறந்தது. காமிரா பழகப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இன்னும் தெற்கே போனால் வேடந்தாங்கல். 1798லேயே செங்கற்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார். கேட்டு வாங்கியவர்கள் ஊர் மக்கள்தான். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. குழந்தைகள்கூட விட்டுக்கொடுக்கிறார்கள். நம்மால் ஒரு படத்தை விட்டுக்கொடுக்க முடியாதா?

படம் சாட்சி சொல்லும்

உள்ளூரில் படம் எடுப்பதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். தென் சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகிறது. சதுப்பு நிலம் சுருங்கினால் தண்ணீர் எங்கே போகும்? நம் வீட்டுக்குள் வரும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. முடிச்சூரில் படகு விட்டார்கள்.

மாசாய் மாரா சிங்கத்தை ஆயிரம் ஆயிரம் பேர் படம் எடுத்துவிட்டார்கள். நீங்கள் எடுப்பது ஆயிரத்தொன்றாவது. ஆனால் உங்கள் தெரு ஏரியில் இந்த ஆண்டு எத்தனை நாமக்கோழி வந்தது, எந்தப் பக்கம் கட்டிட மண்ணைக் கொட்டினார்கள் என்பதை நீங்கள் படம் எடுக்காவிட்டால், வேறு யார் எடுப்பார்கள்? தேதி போட்டு வைத்த படம், நாளைக்கு ஏரிக்குச் சாட்சி சொல்லும்.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினாலே போதும். குடும்பத்தோடு கலந்துகொள்ளலாம். காமிராகூட வேண்டியதில்லை.

நினைவில் வையுங்கள்

கூட்டின் அருகே போகாதீர்கள். கிளையை ஒடிக்காதீர்கள். குரலைப் போட்டு ஏமாற்றாதீர்கள். இரை போட்டு இழுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். பிராணி உங்களைப் பார்த்துத் தன் வேலையை நிறுத்திவிட்டால், நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள்.

பள்ளிக்கரணையில் இதைப் பழகியவர் மாசாய் மாராவுக்குப் போனாலும் ஓட்டுநரிடம், "பக்கத்தில் போ" என்று சொல்லமாட்டார். "ஏற்கெனவே ஐந்து வண்டி நிற்கிறது. நாம் போக வேண்டாம், அப்பா" என்பார்.

அன்றைக்கு அவருக்குப் படம் கிடைக்காமல் போகலாம். அந்தத் தாய்ச் சிவிங்கிக்கு இரை கிடைக்கும். குட்டிகள் பிழைக்கும்.