எல்லாப் பழியும் சீனாவுக்கே!

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை, உள்ளூர்ப் பேச்சில் வெடி ஆபீஸ், தீப்பிடித்தால், சாம்பல் ஆறுவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சீனப் பட்டாசுதான் நம் தொழிலை நசுக்குகிறது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஆட்கள்தான் வழக்குப் போடுகிறார்கள். தீபாவளியைப் பிடிக்காதவர்கள்தான் மாசு, மாசு என்று கூப்பாடு போடுகிறார்கள். டீக்கடையிலும் தேர்தல் மேடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த மூன்றும் மாறி மாறி வரும். மூன்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே நம்பிக்கை: சிவகாசியின் துயரம் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சீனப் பட்டாசு கப்பல் கன்டெய்னரில் வேறு சரக்கின் பெயரில் ஒளிந்து வருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலேயே பிடிபட்டிருக்கிறது. மலிவு பிளாஸ்டிக் லைட்டர் தீப்பெட்டித் தொழிலை அடித்ததும் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் இந்திய அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பட்டாசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதியை 2023 ஜூனில் தடை செய்தார்கள். சீனாவின் ஹூனான் மாகாணத்து லியுயாங் உலகத்துக்கே பட்டாசு அனுப்புகிறது; இந்தியச் சந்தையோ சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய முழுதும் சிவகாசிக்கே உரியது. அப்படியிருந்தும் அறைகள் வெடிக்கின்றன. காவல் பலமாக இருக்கும் வீட்டில் திரும்பத் திரும்பத் தீப்பிடித்தால், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த ஊரை உருவாக்கியதே உலக அரசியல்தான் என்பதை முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சந்தையில் ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் குவிந்தன. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தீப்பெட்டி இறக்குமதித் தீர்வையை ஏற்றியது. அந்தக் காலத்தில்தான் சிவகாசிக்காரர்களான பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீர்வைச் சுவரைத் தாண்ட ஸ்வீடன்காரர்களும் வழி கண்டார்கள். 1923இல் விம்கோ என்ற பெயரில் இங்கேயே ஆலை போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர் தீக்குச்சி அரசர் என்று பெயர் வாங்கிய ஐவார் குரூகர். 1927இல் பிரான்சுக்கு 7.5 கோடி டாலர், அடுத்து ஜெர்மனிக்கு 12.5 கோடி டாலர் கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டிச் சந்தையில் சலுகையும் ஏகபோகமும் கேட்ட மனிதர். 1932இல் பாரீஸில் தற்கொலை செய்துகொண்டார். வெளியுறவு என்றால் தூதர்களின் விருந்து மட்டும் என்று நினைப்பவர்கள், ஒரு தீக்குச்சி எத்தனை அரசாங்கங்களின் கஜானாவுக்குள் நுழைந்தது என்று பார்க்கட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். வெளிநாட்டு முதலீட்டு இயந்திர ஆலைக்கு அதிக கலால் வரி, கையால் செய்யும் சிறு ஆலைக்குக் குறைந்த வரி என்று இந்திய அரசு வைத்தது. சுதேசிக் கண்ணோட்டத்தில் நியாயமான ஏற்பாடு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் அதனால்தான் விம்கோவை எதிர்த்து நின்றது. ஆனால் அந்த வரிக்கணக்குக்குள் ஒரு விதி மறைந்திருந்தது: சலுகை நிலைக்க வேண்டுமானால் இயந்திரம் வரக்கூடாது. இயந்திரம் வராத இடத்தில் கை வேண்டும். மலிவான கை வேண்டும். அந்தக் கை யாருடையதாக இருந்தது? பெண்களுடையது, அவர்களோடு வந்த பிள்ளைகளுடையது. அந்நியக் கம்பெனியை எதிர்த்த தேசப் பெருமைக்குக் கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள், குரோஸ் கணக்கில் கூலி வாங்கியவர்கள் இவர்கள். நேரு இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று சொன்னதாகப் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமையில் இவர்களுக்கு என்ன பங்கு கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

‘பொம்பளைப் பிள்ளைகளுக்கு விரல் மென்மை, பொறுமை ஜாஸ்தி’ என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். பாராட்டுப் போலத்தான் கேட்கும். உண்மையில் அது சம்பள விகிதத்தை நிர்ணயிக்கும் வாசகம். பொறுமை பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அதைத் திறமை என்று எண்ணிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. சர்வதேச அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு 1989இல் சிந்தியா என்லோ எழுதிய நூல், வாழைத் தோட்டத்திலும் ராணுவத் தளத்தைச் சுற்றியும் மலிவாக்கப்பட்ட பெண் உழைப்பைக் காட்டியது. அந்த வரிசையில் சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கலையும் வெம்பக்கோட்டையையும் சேர்க்க எந்தத் தடையும் இல்லை.

இனி இரண்டாவது புகார்: வெளிநாட்டுத் தலையீடு. தீக்குச்சியின் வரலாற்றில் வெளிநாட்டுத் தலையீடு நடந்தது நிஜம்தான். அது தொழிலாளியைக் காப்பாற்றியது. தீக்குச்சி மருந்தில் அப்போது சேர்த்த வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்தது. 1888இல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் இரண்டு உடன்படிக்கைகள் செய்தன: ஒன்று, தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸுக்குத் தடை, மற்றது, ஆலைகளில் பெண்களின் இரவு வேலைக்குத் தடை. உலகின் முதல் தொழிலாளர் உடன்படிக்கைகளில் ஒன்று தீக்குச்சிக்காகப் போடப்பட்டது. 1913இல் இந்தியாவிலும் அந்தப் பாஸ்பரஸைத் தடைசெய்து சட்டம் வந்தது. சிவகாசி தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது அந்த விஷம் ஏற்கெனவே வெளியேறியிருந்தது. அந்நியர் போட்ட ஒப்பந்தத்தின் பலனை அனுபவித்துக்கொண்டே அந்நியத் தலையீடு என்று முழங்குகிறோம்.

குழந்தைத் தொழிலாளர் விஷயத்தையும் பாருங்கள். 1990இல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் வெளியுலகை உலுக்கியது. நம் தொழிலுக்கு எதிரான சதி என்றார்கள். சதி என்றால் சதிகாரனுக்கு லாபம் இருக்க வேண்டும். 1992இல் அமெரிக்காவில் செனட்டர் ஹார்கின் கொண்டுவந்த மசோதா குழந்தைகள் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கப் பார்த்தது. அது கம்பளத்தையும் ஆடையையும் மிரட்டலாம். சிவகாசிச் சரக்கு விற்பதோ இந்தியாவில். அமெரிக்கா வாங்காத பொருளை அமெரிக்கா எப்படி முடக்கும்? பிள்ளைகளை ஆலையிலிருந்து இறக்கியது 1986ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், ஊர்ப் பள்ளிகளும், பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்ற தாய்மாரின் பிடிவாதமும். பட்டாசுத் தடை வழக்கும் அப்படியே. 2015இல் அது தொடங்கியது தில்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில். அந்தக் குழந்தைகளின் நுரையீரலில் சீனச் சதி எதுவும் இல்லை. தில்லிக் காற்றுதான் இருந்தது. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்த பிறகு, ஆலைகள் மூடிக்கிடந்த மாதங்களில் அடுப்பு எரியாத வீடுகள் ஏராளம். அந்த வேதனை முழு உண்மை. அதற்கான நியாயத்தைத் தில்லியிடமும் சென்னையிடமும் கேட்க வேண்டும். பெய்ஜிங்கிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது பேச்சு அடையாளத்தைப் பற்றியது. பட்டாசு இந்துப் பண்பாடு, அதைத் தொட்டால் மதத்தைத் தொட்டதாகும் என்கிறார்கள். இதே பட்டாசு கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெடிக்கிறது. பாகிஸ்தானைக் கிரிக்கெட்டில் வென்றால் வெடிக்கிறது. செய்யும் கைகளிலும் எல்லாச் சாதியும் மதமும் உண்டு. தேச அடையாளத்தை அச்சடித்துக் கொடுத்த ஊரும் இதுதான். சாமி படம், பாரத மாதா, போர்வீரன் என நாடு முழுக்கச் சுவரில் தொங்கிய காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசி அச்சகங்களிலிருந்து போனது. கஜ்ரி ஜெயின் 2007இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். தேசத்துக்கு முகம் வரைந்து கொடுத்த ஊர், தன் தொழிலாளியின் முகத்தை எந்தப் படத்திலும் அச்சடிக்கவில்லை.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தபோது நகரத் தெருக்களில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். இனி யாரும் நம்மை ஆண்மையற்றவர் என்று சொல்ல முடியாது என்ற தொனியில் சில அரசியல்வாதிகள் பேசினார்கள். அமெரிக்க அணு ஆயுத நிபுணர்களின் பேச்சில் ஆயுதம் ஆண்மையின் வடிவமாக இருப்பதை கரோல் கோன் 1987லேயே எழுதிக் காட்டியிருந்தார். நம் கடைத்தெருவிலும் அதே இலக்கணம்தான்: ஆண்பிள்ளைக்கு அணுகுண்டு வெடி, பெண்பிள்ளைக்குக் கம்பி மத்தாப்பு. அந்த அணுகுண்டுக்குத் திரி வைத்தவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பார் என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்த பிறகு சீனப் பட்டாசைப் புறக்கணிப்பது தேசபக்தி ஆனது. சிவகாசிச் சரக்கை வாங்குவதே எல்லைக் காவல் என்றார்கள். வாங்கட்டும், மகிழ்ச்சி. ஆனால் எல்லையில் விழுந்தவருக்குக் கொடி போர்த்தும் தேசபக்தி, 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிப்பில் இறந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை எத்தனை நாள் நினைவில் வைத்திருந்தது?

எரிபொருள் கணக்கையும் யாரும் பேசுவதில்லை. தீப்பெட்டியின் பெரிய போட்டியாளர் லைட்டர் மட்டும் இல்லை. விறகடுப்பு எரிந்த வீட்டுக்கு சிலிண்டர் வந்தது, கூடவே கேஸ் லைட்டர் வந்தது. 2016 மே 1இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் பெண்ணைப் புகையிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லி விளம்பரமானது; நல்ல திட்டம்தான். நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. அந்தக் கப்பல்கள் வர வேண்டும் என்பதற்காகப் பிரதமர்கள் பறக்கிறார்கள், ஒப்பந்தம் போடுகிறார்கள். பெண்ணின் பெயரால் எரிசக்தி ராஜதந்திரம் நடக்கிறது. அடுப்புப் புகையில் இருமும் பெண் அரசின் சுவரொட்டியில் இடம்பெறுகிறார். அலுமினியப் பொடி படிந்து வெள்ளிநிறமான கையோடு பட்டாசு ஆலை வேன் ஏறும் பெண் அதே நாட்டின் குடிமகள்தான். அவருக்குச் சுவரொட்டி கிடையாது.

வெடிப்புக்குக் காரணம் என்ன என்று ஒவ்வொரு விசாரணையும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறது. மருந்து கலக்கும்போது உராய்வு. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆட்கள். சீசன் நெருக்கத்தில் மரத்தடியில் வேலை. லைசன்ஸ் ஒருவர் பெயரில், நடத்துவது உள்குத்தகைக்கு எடுத்த வேறொருவர். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையத்தில் 13 பேர், பெரும்பாலோர் பெண்கள். இந்தப் பட்டியலில் எந்த இடத்தில் சீனா வருகிறது?

‘அப்படியானால் தொழிலை மூடச் சொல்கிறீரா?’ என்று அண்ணாச்சிகள் கேட்பார்கள். மூடச் சொல்லவில்லை. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் தொழில் இது. ஒழுங்காக நடத்தும் முதலாளிகளும் இருக்கிறார்கள், உள்குத்தகைக்காரனின் மலிவு விலையால் முதலில் அடிபடுபவர்கள் அவர்கள்தான். உள்குத்தகைக்கு விட்டால் லைசன்ஸ் நிரந்தரமாகப் போக வேண்டும், அது மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசன்ஸ் ஆனாலும் மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசன்ஸ் ஆனாலும். மருந்து கலக்கும் வேலையை மனிதக் கையிலிருந்து எடுக்க வேண்டும். ஆய்வு அறிக்கைகளை ஊர் மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். பீஸ் ரேட்டில் ஓடவைக்கும் கூலியே அவசரத்துக்குக் காரணம். அதை மாற்றாமல் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது கண்துடைப்பு. பெரும் தொழில் விபத்துகளைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 174ஆம் உடன்படிக்கையை இந்தியா 2008இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் அளவுகோலுக்குள் வராத சிறு ஆலைக்கும் அதே கண்டிப்பைக் கொண்டுவர எந்த வெளிநாடும் குறுக்கே நிற்கவில்லை.

அந்நியன் மேல் பழி போடும் பேச்சு மலிவானது. அதற்கு இன்ஸ்பெக்டர் வேண்டாம், இழப்பீடு வேண்டாம், கூலி உயர்வு வேண்டாம். அதனால்தான் முதலாளிக்கும் அதிகாரிக்கும் கட்சிக்காரருக்கும் அது ஒருசேரப் பிடித்திருக்கிறது. அடுத்த முறை விபத்து நடந்த மறுநாள் யாராவது சீனா என்று தொடங்கினால் மூன்றே கேள்வி கேளுங்கள்: லைசன்ஸ் யார் பெயரில்? அறையில் எத்தனை பேர்? இறந்த பெண்ணின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததா? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சீனாவைப் பற்றிப் பேசட்டும், உட்கார்ந்து கேட்போம்.