ஆச்சி வீட்டில் யாருக்கு லீவு?

சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் பேச்சு ஆச்சி வீட்டுக்குப் போய்விடும். விலைவாசி, பிள்ளைகளின் வேலை, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் அதுவரைக்கும் ஒப்புக்குப் பேசுவது. எங்கள் குடும்பத்தில் ஆச்சி வீடு என்றால் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் வீடு. திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவோம். பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே அங்கே கூடும்.

இந்தப் பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குறுக்குத்துறை. தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், அதன் பக்கத்தில் ஆற்றில் குதித்த வீரப் பிரதாபங்கள். அடுத்து இலங்கை வானொலி, அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’. பிறகு சாயங்காலம் இருட்டுக் கடை முன்னால் கூட்டத்தில் முண்டியடித்து வாங்கிய அல்வா. அப்புறம் தாத்தாவின் செருமல்: அவர் திண்ணையில் தொண்டையைச் செருமினால் பின்கட்டு வரைக்கும் வீடு அடங்கிவிடும். எட்டு மணிக்குமேல் யாரும் வாசல்படி தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டை மாடியில் ஆச்சி உருட்டிக் கொடுத்த நிலாச்சோறு. எந்த இடத்தில் யார் சிரிப்பார்கள் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம்.

என் பங்குக்கு நான் எடுத்து விடுவது கூழ்வத்தல் கதை. மாடியில் பழைய வேட்டிகளை நனைத்து விரித்து, அதன்மேல் கரண்டி கரண்டியாகக் கூழ் ஊற்றியிருப்பார்கள். காக்கா விரட்டுவது எங்கள் வேலை. குடையும் குச்சியுமாக உட்கார்ந்திருப்போம். மத்தியானத்துக்குள் மேலே தோல் கட்டி, உள்ளே கொழகொழவென்று இருக்கும் ஒரு பக்குவம் வரும். அந்த அரைக் காய்ச்சலில் பச்சை மிளகாய்க் காரமும் பெருங்காய வாசனையும் நாக்கில் ஏறும் சுகம், நன்றாகக் காய்ந்து எண்ணெயில் பொரித்த வத்தலில் கிடையாது. காக்கா தின்றதைவிட நாங்கள் தின்றதுதான் அதிகம்.

போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டபத்து அறையில் ஜமக்காளம் விரித்து, பந்தி முடிந்த களைப்பில் பாதிப்பேர் சாய்ந்து கிடந்தோம். சுவரோரம் மாமாவும் அத்தையும். அத்தை அந்த வீட்டு மருமகள், எண்பதை நெருங்குகிறார். இத்தனை வருஷமாக எங்கள் கதைகளைக் கேட்டுச் சிரிப்பாரே தவிர, வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு என் தங்கை மகள் சும்மா இருக்காமல் அத்தையிடம், “ஆச்சி, அந்தக் கூழை எத்தனை மணிக்குக் காய்ச்சுவீங்க?” என்று கேட்டுவைத்தாள்.

“மூணு மணிக்கு எந்திரிக்கணும்ளா. வெயிலுக்கு முந்தி மாடி ஏறணும்லா? மொத நாளே அரிசிய ஆட்டி வச்சிருப்பேன். விறகு அடுப்பு. கிண்டுத கிண்டுல கை கழண்டுபோவும். சாயங்காலம் வேட்டியத் திருப்பிப் போட்டுத் தண்ணி தெளிச்சு ஒண்ணொண்ணா உரிக்கணும். அதுக்குள்ள இந்தப் பயலுவ பாதியத் தின்னுருப்பானுவ. மறுநாளு திரும்ப மொதல்ல இருந்து.”

எல்லோரும் சிரித்தோம். அவர் நிறுத்தவில்லை. அத்தனை பேருக்கும் காலையில் இட்லி. அதற்கு மாவு, ஆட்டுரலில். தண்ணீர், கிணற்றிலிருந்து. ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்து, பெண்கள் உட்காரும்போது மணி மூன்றாகும். குழம்பு இருந்தால் கூட்டு இருக்காது. நிலாச்சோற்றை உருட்டிய கை ஆச்சியுடையது, சரி. சோற்றை வடித்து, குழம்பு வைத்து, சட்டியோடு மாடி ஏற்றிவிட்டு, கழுவக் கிடந்த பாத்திரத்துக்குக் கீழே இறங்கியவர் அத்தை.

“உங்களுக்குல்லா லீவு. எங்களுக்கு யாரு விட்டா?”

இதைக் குறையாகச் சொன்னது போலவும் இல்லை. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம்தான் என் பெரியம்மா மகன், எங்கள் கூட்டத்துக்கே மூத்தவர், பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேய்க் கதையை எடுத்தார். அவரது ஆஸ்தான கதை அது. நடுராத்திரி பின்கட்டில் கொலுசுச் சத்தம் கேட்கும். கிணற்றடி வரைக்கும் வந்து நிற்கும். வாளி உருளும். அந்தத் தெருவில் எப்போதோ கிணற்றில் விழுந்த ஒரு பெண்ணின் ஆவி என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வேர்த்துக் கிடப்போம்.

“அது நாங்கதாம்ல” என்றார் அத்தை.

ரத்னா தியேட்டரில் ரெண்டாம் ஆட்டம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, பின்வாசல் வழியாகப் புறப்பட்டுப் போவார்களாம். பாக்யராஜ் படம் என்றால் கட்டாயம் போவார்களாம். திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் வாளி உருளும். “உங்க அம்மையும் கூடத்தான் வருவா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மா கடைசிவரைக்கும் எங்களிடம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. பெரியம்மா மகனுக்கு இன்னும் சமாதானம் இல்லை. எல்லா ராத்திரியுமா சினிமாவுக்குப் போயிருப்பார்கள் என்று கேட்கிறார். மற்ற ராத்திரிகளுக்காவது ஒரு பேய் அவருக்கு வேண்டியிருக்கிறது.

குடும்பக் கதைகளைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் கேட்க 20 கேள்விகள் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது என்ற மாதிரி. 2001-ல் குடும்பங்களை வைத்துச் சோதித்ததில், இதெல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் மதிப்பும், தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் என்ற நம்பிக்கையும் அதிகம் இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்து வைப்பதால் ஒன்றும் ஆகாது, கூடி உட்கார்ந்து பேசுகிற பழக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று டியூக்கே எச்சரிக்கிறார். எனக்குப் பிடித்தது வேறொன்று. ‘நாங்கள் எப்போதும் ஓகோவென்று இருந்தோம்’ என்ற கதையைவிட, ஏற்றமும் இறக்கமும் சேர்த்துச் சொல்லப்பட்ட கதைதான் பிள்ளைகளுக்குத் தெம்பு தருகிறது என்கிறார்கள். நாங்கள் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது, பின்கட்டு இல்லாத ஒரு வீட்டின் கதை.

கேட்கிற விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று பெரியவர்களைக் கேட்டால், “நல்லா இருந்துச்சு” என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுவார்கள். தங்கை மகள் மணி கேட்டாள், கதவு திறந்தது. விறகு யார் கொண்டுவந்து போட்டார்கள், முதல் மிக்ஸி எந்த வருஷம் வந்தது, தீபாவளிக்குச் சேலை எடுக்க யார் போவார்கள் என்று கைக்கு அகப்படுகிற ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். போனில் பதிவு செய்வதென்றால் பேச்சு சூடு பிடித்த பிறகு, கேட்டுக்கொண்டு செய்யலாம். முதலிலேயே நீட்டினால் மேடைப் பேச்சாகிவிடும்.

அன்றைக்குப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்குமேல் ஆன மனிதருக்கு இந்த ரெண்டாம் ஆட்டச் சங்கதி அன்றைக்குத்தான் தெரியும். கணக்கப்பிள்ளையாக இருந்தவர் இல்லையா, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“அது கெடக்கட்டும். அத்தனை பேருக்கும் டிக்கெட்டுக்குத் துட்டு ஏது?”

“உங்க அப்பாதான் தந்தாவ. பின்வாசல் தாப்பாளத் தொறந்து விட்டதும் அவுகதான்” என்றார் அத்தை.