குழாய்க்கு மீட்டர் வருகிறது, கணக்கு யார் கையில்?

  

"கோயமுத்தூர்க்காரன் வீட்டுக் குழாய்க்கு மீட்டர் மாட்டினா நமக்கு என்னங்க? நம்ம தோப்புக்கு வாய்க்கால் தண்ணி வந்தாப் போதாதுங்களா?" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

2018 ஜனவரியில் கோவை மாநகராட்சி, பிரான்ஸ் நாட்டு சூயஸ் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பழைய 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர். ஒப்பந்தக் காலம் 26 வருசம். மதிப்பு சுமார் 3,150 கோடி ரூபாய். கட்டணத்தை மாநகராட்சிதான் நிர்ணயிக்கும், கம்பெனி குழாய் பதித்துப் பராமரிக்க மட்டும்தான் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். நாம் கேட்பது வேறு.

அந்த 2018-ல் கோவை மாநகராட்சியில் மாமன்றம் இருந்ததா? இல்லை! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையிலே ஐந்து வருசத்துக்கும் மேலாக மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். கையெழுத்தான அன்றைக்கு, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று எழுந்து நின்று கேட்க ஓட்டு வாங்கின ஒருத்தர்கூட அந்த மன்றத்தில் இல்லை. ஐந்து மாமன்றங்களின் ஆயுசுக்கும் மேலே ஓடப்போகிற ஒப்பந்தம், ஒரு மாமன்றம்கூட இல்லாத நேரத்தில் கையெழுத்தானது. எதிர்க்கட்சியாக இருந்தபோது திமுக இதை எதிர்த்தது. 2021-ல் ஆட்சிக்கு வந்த பிறகும் ஒப்பந்தம் ரத்தாகவில்லை. எந்தக் கட்சியையும் தூக்கிப் பிடிக்கவோ, தூற்றவோ இதைச் சொல்லவில்லை. ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குச் சொல்கிறோம்.

சரி, மன்றம் இருந்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. அயர்லாந்து என்ற நாட்டில் வீட்டுக் குடிநீருக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பொது வரியிலிருந்தே செலவு செய்து வந்தார்கள். 2013-ல் 'ஐரிஷ் வாட்டர்' என்று அரசே ஒரு தண்ணீர்க் கம்பெனி தொடங்கியது. அந்த டிசம்பரில் அதற்கான மசோதாவைச் சில மணி நேர விவாதத்தோடு நாடாளுமன்றத்தில் முடித்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அடுத்த மாதமே, ஆலோசகர்களுக்கு மட்டும் 5 கோடி யூரோ செலவு செய்த சங்கதி வெளியே வந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் பதிக்க வந்தபோது தெருத்தெருவாக மக்கள் மறித்தார்கள். 2014-ல் பல்லாயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அரசு முதலில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்துப் பார்த்தது. அடங்கவில்லை. 2016-ல் கட்டணம் நிறுத்தப்பட்டது. 2017-ல் சட்டம் போட்டு, கட்டினவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி தனியாருடையது அல்ல, அரசுடையது. பின்னே ஏன் மக்கள் நம்பவில்லை? "இன்றைக்கு மீட்டர், நாளைக்கு விற்பனை" என்ற பயம். அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அங்கே பேசவிடாமல் அவசரப்பட்டார்கள். பேச்சு தெருவுக்கு வந்தது. நாலு நாள் உட்கார்ந்து பேசாத குற்றத்துக்கு நாலு வருசம் அல்லாடினார்கள்.

"அது நகரத்துச் சண்டைங்க, விவசாயிக்கு என்ன வந்தது?" என்று இன்னும் கேட்பவர்கள் பொலிவியா நாட்டு கோச்சபாம்பா ஊரைக் கேளுங்கள். 1999-ல் அங்கே நகரத்துக் குடிநீர் ஒரு பன்னாட்டுக் கூட்டுக் கம்பெனிக்கு 40 வருசத்துக்குப் போனது. பின்னணியில் அமெரிக்காவின் பெக்டெல். நகரத்தில் கட்டணம் ஏறியது. கூடவே வந்த சட்டம், ஊர்க்காரர்கள் தாங்களே வெட்டிய கிணற்றுக்கும், தாங்களே நடத்திய பாசன வாய்க்காலுக்கும் வேட்டு வைக்கும் என்ற நிலை. முதலில் கிளம்பியவர்களில் முக்கியமானவர்கள் பாசன விவசாயிகள்தான்! நகரமும் கிராமமும் சேர்ந்து நின்றது. ஒரு பதினேழு வயசுப் பையனின் உயிர் போன பிறகு, 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது.

அதே பெக்டெலின் பெயர் நம்ம திருப்பூர்த் தண்ணீர்த் திட்டத்திலும் அடிபட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். நடத்தியது தனியார் பங்கோடு அமைந்த புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம். சாயப்பட்டறைக்கு விற்கிற தண்ணீரை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வாங்க ஆளில்லை. கம்பெனி கடனில் தத்தளித்தது. ஆற்றுத் தண்ணீரை வியாபாரக் கணக்கில் கட்டினால், வியாபாரம் படுக்கும்போது கூடவே அதுவும் படுக்கும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். கோவையின் பழைய வார்டுகளுக்குச் சிறுவாணியும் பில்லூரும். குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் போகிறது நம்ம ஆழியாற்றுத் தண்ணீர். பொள்ளாச்சி நகரம் குடிப்பதும் அம்பராம்பாளையத்தில் எடுக்கிற ஆழியாறுதான். 2022-ல் 930 கோடி ரூபாயில் ஒட்டன்சத்திரத்துக்கு ஆழியாற்றிலிருந்து குடிநீர் என்று அறிவித்தபோது, பொள்ளாச்சியில் விவசாயிகள் தெருவில் இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கும் நாம் சொன்னது, "தாகத்துக்குத் தண்ணி தர மாட்டோம்" என்பதல்ல. "எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்பதுதான்.

பி.ஏ.பி.யில் நாலு மண்டலம். ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருசத்துக்கு ஒரு தடவைதான் முறை வருகிறது. கேரளாவோடு 1970-ல் போட்ட ஒப்பந்தப்படி மணக்கடவில் வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர் பாசனத்துக்கு விட்டாக வேண்டும். ஆனைமலையாறு, நல்லாறு திட்டங்கள் இன்னும் காகிதத்தில். கடைமடைக்காரன் ராத்திரி கண்முழித்து மடை காக்கிறான். இந்த நிலையில், "24 மணி நேரமும் குறையாமல் தருவோம்" என்று நகரத்துக்கு ஒரு கம்பெனி வாக்குக் கொடுத்து, அதற்கு மீட்டரும் ஓடி, பணமும் வாங்கிவிட்டால், மழை பொய்த்த வருசத்தில் யாருக்கு வெட்டு விழும்? பில் கட்டினவனுக்கா, வாய்க்காலைப் பார்த்து நிற்கிறவனுக்கா? இதை நாம் இப்போதே கேட்காமல் எப்போது கேட்பது?

கிணறும் தப்பாது. 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது, கிணறு வெட்ட அனுமதி வாங்கணும் என்றது. விவசாயிகள் எதிர்ப்பில் அமலுக்கே வராமல் கிடந்து, 2013-ல் ரத்தானது. ஆனால் 2012-ன் தேசிய நீர்க் கொள்கை, அடிப்படைத் தேவைக்கு மேற்பட்ட தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாகப் பார்க்கச் சொல்கிறது. பண்டம் என்றால் விலை. விலை என்றால் விற்பவன் ஒருவன் வேண்டும். யாருங்க அவன்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கட்டணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மோட்டார் ஓட்டக் கரண்ட் வேணும், உடைந்த குழாய்க்கு வெல்டிங் வேணும், குளோரின் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். இலவசம் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நாளைக்கு ஒருதரம் தண்ணி விட்டால், லாரித் தண்ணிக்கு அழுவது ஏழைதான். நாமும் வாய்க்கால் தண்ணிக்கு நீர்த்தீர்வை கட்டியவர்கள்தான். நியாயமான கட்டணத்தைக் கட்ட நகரத்து மக்களும் தயங்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காசு மறுபடியும் குழாய்க்கும் ஆற்றுக்கும் வரணும். கணக்கு ஊருக்குத் தெரியணும். சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றுகிற உரிமை நம் கையில் இருக்கணும். பொது நிறுவனம் என்பதற்கு அர்த்தமே அதுதான்.

மீட்டர் பார்த்துப் பயந்த இனமல்ல நம் இனம். யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசா உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தார்கள் நம் முன்னோர். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகளை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். அவர்கள் கேட்டதும் பைசாவை மட்டுமல்ல, விலையை முடிவு செய்யும்போது விவசாயியையும் மனுசனாக மதிக்கணும் என்பதைத்தான்.

ஆகவே நாம் வற்புறுத்துவது:

1. உள்ளாட்சிகள் போடும் எந்தக் குடிநீர் ஒப்பந்தமும் முழுதாகத் தமிழில் அச்சாகி, மன்றத்தில் வைத்து விவாதித்த பிறகே கையெழுத்தாக வேண்டும். தனி அலுவலர் ஆட்சியில் நீண்ட கால ஒப்பந்தம் கூடவே கூடாது.

2. ஒவ்வொரு வீட்டுக்கும் அடிப்படைத் தேவைக்கான அளவு கட்டணமின்றி. அதற்கு மேலே வணிகத்துக்கும் ஆலைக்கும் தனி விகிதம்.

3. தெருவிலுள்ள பொதுக் குழாய்களைப் பிடுங்கக் கூடாது.

4. ஆழியாறு, பி.ஏ.பி. தண்ணீரில் புதிதாக எந்தத் திட்டம் என்றாலும் பாசன சபைகளின் ஒப்புதல் வேண்டும். வறட்சி வருசத்தில் யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

5. குடிநீர் வினியோகம் குடிநீர் வாரியம், நகராட்சி, ஊராட்சி கையிலேயே இருக்க வேண்டும்.

உழவர் பெருமக்களே! மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலையும் கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். நமக்கு அதுதான் நாடாளுமன்றம். ஆணும் பெண்ணுமாகப் போய் உட்காருங்கள். நம் ஊராட்சியில் வசூலாகும் தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். மேற்கண்ட ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகரத்துச் சொந்தக்காரர்களிடமும் இந்த நோட்டீசைக் கொடுங்கள். அவர்கள் குழாயும் நம் வாய்க்காலும் ஒரே ஆற்றில்தான் தொடங்குகின்றன.

இன்று சபையில் வாய் திறக்காதவன், நாளை மீட்டர் முன்னால் வாய் திறந்து பயனில்லை.

சிந்திப்பீர்! திரண்டு வாரீர்!